முப்பத்தேழு என்று நான் எழுதிய மலை

பயணம் எழுதுகிறவர்கள் கொழும்பு, ரங்கூன், சிங்கப்பூர் என்று கப்பலேறிப் போய்வந்து எழுதுகிறார்கள். நான் கடலைப் பார்த்ததே மூன்று முறைதான். மூன்று முறையும் சென்னையில், கரையில் நின்றபடி. நான் எழுதப்போகும் பயணம் தருமபுரியில் என் வீட்டு வாசலிலிருந்து நாற்பத்திரண்டு மைலுக்குள் முடிந்துவிட்டது. போக வர ஐந்து நாள். இருந்தாலும் அது எனக்கு அயல்தேசம்தான். அங்கே போகாமலேயே போனதாகப் பத்து வருஷம் எழுதி வைத்திருந்தேன்.

முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூடங்களைப் பார்வையிடும் உத்தியோகத்தில் இருந்தவன் நான். பெஞ்சு, சிலேட்டு, பிள்ளைகள், கூரையில் ஓட்டை எல்லாவற்றையும் எண்ணி எழுதச் சம்பளம் வாங்கினேன். சம்பளம் நின்ற பிறகும் பழக்கம் நிற்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுக்கு நாற்பத்தாறு படி. தெருவில் பத்தொன்பது வேப்பமரம். சாப்பிடும்போது தோசையை எண்ணுகிறேன் என்று என் சம்சாரம் பட்டம்மாளுக்கு என்மேல் தீராத கோபம்.

எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் நடுகல் உண்டு. மாடு மீட்கப் போனவன், புலியோடு மல்லுக்கட்டியவன் என்று செத்துப்போனவர்களுக்கு அந்தக் காலத்தில் நட்ட கல். வில்லோடு ஓர் ஆள் செதுக்கியிருக்கும். சிலதில் பக்கத்தில் நாய் இருக்கும். சிலதில் நாலைந்து வரி எழுத்தும் இருக்கும். பள்ளிக்கூடம் பார்க்கப் போகிற ஊரிலெல்லாம் அவற்றையும் எண்ணி ஒரு நோட்டில் எழுதி வந்தேன். ஊர், கல் எத்தனை, எழுத்து உண்டா, நேரில் பார்த்ததா என்று நான்கு கட்டம். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு கல். அதில் முப்பத்தேழு சித்தேரி மலையில்.

என் மகள் ருக்மணி சரித்திரத்தில் எம்.ஏ. தேறி, சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தக் கற்களையே எடுத்துக்கொண்டு டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யவேண்டும் என்பது அவள் ஆசை. என் பென்ஷனில் அது நடக்காது. சென்னைச் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி உதவித்தொகை ஒன்று உண்டு. மாதாமாதம் கொடுப்பார்கள், மூன்று வருஷத்துக்கு. சரித்திரத்துக்கு அந்த வருஷம் ஒரே ஓர் இடம்.

விண்ணப்பம் நான்கு பிரதி. ஆராய்ச்சித் திட்டம் பதினோரு பக்கம். ஆசிரியர்களின் நற்சான்று இரண்டு. கடைசியில் ஒரு பட்டியல்: எந்த ஊரில் எத்தனை கல். அந்தப் பட்டியலை நான்கு பிரதியிலும் நானே என் கையெழுத்தில் எழுதினேன்.

"மலைக் கல்ல விட்டுரலாம்ப்பா. நான் பாக்கலையே" என்றாள் ருக்மணி.

"நீ பாக்கலைன்னா என்ன? நான் பாத்தது நீ பாத்த மாதிரிதானே?" என்றேன்.

அவள் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். தோசையை எண்ணுகிற தகப்பன் கல்லை எண்ணாமலா இருந்திருப்பான்?

ஒன்றரை மாதம் கழித்து அவளுக்குக் கடிதம் வந்தது. நேர்முகத்துக்கு ஐந்து பேரைக் கூப்பிட்டிருந்தார்கள், அவளும் ஒருத்தி. அடுத்த திங்கட்கிழமை. கடிதத்தின் கீழே ஒரு வாக்கியம்: இதுவரை யாரும் பதிவு செய்யாத சித்தேரி மலைக் கற்கள் முப்பத்தேழில் குழுவினருக்கு விசேஷ அக்கறை உண்டு; அவற்றில் சிலவற்றின் மசிப்படிகளைக் கொண்டுவரவும். கல்லின்மேல் ஈரக் காகிதம் ஒட்டி, மசி தடவி எடுக்கும் பிரதிக்குத்தான் அந்தப் பெயர். ருக்மணி அந்த வாக்கியத்தைப் படியெடுத்து எனக்கு அனுப்பி, 'உங்களிடம் நாலைந்து இருக்குமே அப்பா, சனிக்கிழமை மொரப்பூர் ஸ்டேஷனில் கொண்டுவந்து கொடுங்கள், அந்த ரயிலில்தான் பட்டணம் போகிறேன்' என்று எழுதியிருந்தாள்.

என்னிடம் ஒன்றும் இல்லை. நான் அந்த மலையில் ஏறியதே இல்லை.

உத்தியோகத்தில் இருந்த காலத்தில், மலையடிவாரப் பள்ளிக்கூடம் ஒன்றைப் பார்வையிட அரூர்ப் பக்கம் போயிருந்தேன். மேலே போகக் கால் வலி என்று சொல்லிக்கொண்டேன். மலைக்காய்ச்சல் பயம் என்பதுதான் நிஜம். கீழே சந்தையில் தேன் விற்க வந்திருந்த மலைக்காரர் ஒருவரிடம், "உங்க ஊர்ல நடுகல் எத்தனை?" என்று கேட்டேன். அவர் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு, "முப்பத்தேழுங்க" என்றார். எழுதினேன். எழுதியதோடு நிற்காமல், 'நேரில் பார்த்தது' என்ற கட்டத்தில் ஒரு சரிக்குறியும் போட்டேன். மற்ற வரிகளிலெல்லாம் சரிக்குறி இருந்தது. அந்த ஒன்று மட்டும் காலியாக இருந்தால் பார்க்க நன்றாக இருக்காது என்று தோன்றியது. காரணம் அவ்வளவுதான். அதைவிடப் பெரிய காரணம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது.

செவ்வாய்க்கிழமை காலையில் காகிதச் சுருள், மசிப் பொட்டலம், மாற்று வேட்டி ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

"இந்த வயசுல மலைக்கா? மாடிக்கு ஏறவே உங்களுக்கு மூச்சு வாங்குது" என்றாள் பட்டம்மாள்.

"ஒரு வேலை பாக்கி இருக்குது."

"பாக்கி வெச்சது எப்பங்க?"

தெருவில் இறங்கினேன். முதுகுக்குப் பின்னால், "தொப்பி எடுத்துக்கிட்டீங்களா? எண்ணிப் பாத்துக்கங்க" என்ற குரல் வந்தது.

முன்பெல்லாம் தருமபுரியிலிருந்து மொரப்பூருக்குச் சின்ன ரயில் ஓடியது. யுத்தத்துக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். மண்மேடு மட்டும் ரோட்டோடு கூடவே வருகிறது; அதன்மேல் ஆடு மேய்கிறது. பெட்ரோலும் யுத்தத்துக்குப் போய்விட்டதால் பஸ் கரியில் ஓடியது. பின்னால் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பு. கிளீனர் அரைமணி நேரம் துருத்தி சுற்றிய பிறகு வண்டி இருமியது. ஏறியிருந்தவர்கள் முப்பத்தொரு பேர். இருக்க வேண்டியவர்கள் இருபத்திரண்டு.

எனக்கு முன் வரிசையில் எல்லைப் பக்கத்துப் பெண்கள் இரண்டு பேர் கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தார்கள். எனக்குக் கன்னடம் தெரியும் என்று அவர்களுக்குத் தெரியாது.

"இந்தக் கிழவர் உதட்டை அசைத்து அசைத்து என்ன ஜபம் பண்ணுகிறார்?" என்றாள் ஒருத்தி.

"ஜபமா? நம்மையெல்லாம் எண்ணுகிறார். விற்கப்போகிற கோழியை எண்ணுவதுபோல" என்றாள் மற்றவள்.

உதட்டை மூடிக்கொண்டேன். மனதுக்குள் தொடர்ந்தது.

மேடு வந்த இடத்தில் பஸ் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். நானும் கை வைத்தேன். "பெரியவரே, நீங்க தள்ள வேணாங்க. எறங்கினீங்களே, அதுவே போதும்" என்றார் டிரைவர். ஏழு பேர் சிரித்தார்கள். இப்படி நான்கு இடத்தில் இறங்கினோம். மொரப்பூரில் காப்பி என்று ஒன்று கொடுத்தார்கள். வறுத்த புளியங்கொட்டையும் வெல்லமும் சேர்ந்த வாசனை. வீட்டுக் காப்பியை எத்தனை நாள் குறை சொல்லியிருக்கிறேன்!

அரூர் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. மலைச் சரக்கு வாங்கும் மண்டிக்குப் போய், பத்து வருஷத்துக்கு முன் தேன் விற்ற ஆளின் அடையாளம் சொல்லி விசாரித்தேன். இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு என்றதும், "வெள்ளையனுங்க. நாளைக்குக் காலையில கடுக்காய் மூட்டை எறக்க வருவான்" என்றார் மண்டிக்காரர்.

மறுநாள் வெள்ளையன் வந்தார். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும் மூட்டையை இறக்கிவிட்டுக் கும்பிட்டார்.

"பள்ளிக்கூடத்து சாமி! கால் வலி தேவலைங்களா?"

பத்து வருஷத்துக்கு முன் சொன்ன பொய்யை அந்த மனிதர் பத்திரமாக வைத்திருந்தார். தேவலை என்றேன். மலைக்கு வருகிறேன் என்றதும், மண்டியில் உப்பும் மண்ணெண்ணெயும் வாங்கிக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். அடிவாரம் வரை கட்டை வண்டி. வண்டிக்கு அச்சு ஒரு பக்கம் இழுத்ததால் மைலுக்கு இரண்டு தரம் இறங்கி நிமிர்த்தவேண்டியிருந்தது. அதற்கப்புறம் நடை.

ஏற ஆரம்பித்து அறுநூறு அடி வரை எண்ணினேன். பிறகு மூச்சு எண்ண விடவில்லை. ஒரு பாறையில் உட்காரவைத்து வெள்ளையன் கேழ்வரகுக் களி உருண்டையும் கொள்ளுக் கடைசலும் கொடுத்தார். வீட்டில் களி என்றால் முகத்தைத் திருப்புகிறவன் நான். அன்றைக்கு இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

தெம்பு வந்ததும் கேட்டேன். "அந்த முப்பத்தேழு கல்லையும் ஒரே நாள்ல பாத்துர முடியுமா?"

"எந்த முப்பத்தேழுங்க சாமி?"

"நீங்கதானே சொன்னீங்க. நடுகல் எத்தனைன்னு கேட்டேன், முப்பத்தேழுன்னீங்க."

வெள்ளையன் களியைப் பிட்ட கையை நிறுத்தினார். "அது பானைங்க."

"என்ன பானை?"

"வருசத்துக்கு ஒருக்கா வூட்டுக்கு ஒரு பானை. புதுச் சாமையில பொங்கிக் கல்லு முன்னால எறக்குவோம். அப்ப முப்பத்தேழு வூடு, முப்பத்தேழு பானை. இப்ப அஞ்சு பேரு தனிக்குடுத்தனம் போயிட்டாங்க. நாப்பத்தி ரெண்டு."

"நான் கேட்டது கல் கணக்கு."

"கல்ல யாருங்க எண்ணுவாங்க?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, ஒரு பெரிய மனிதர் தெரியாமல் கேட்டுவிட்டதற்காக அவர்தான் கூசினார். "எண்ணினா பத்தலைன்னு அர்த்தங்க. இன்னொண்ணு கேக்கும். ஒரு சாவு விழும். நீங்க வெளியூரு, பாவம், தெரியாமக் கேக்கறீங்க. மூஞ்சில அடிச்சாப்புல இல்லைன்னு சொல்லலாமுங்களா? அதான் பானைக் கணக்கச் சொன்னேன்."

மரியாதைக்காகச் சொன்ன பதிலை நான் நான்கு பிரதி எழுதி சர்வகலாசாலைக்கு அனுப்பியிருந்தேன்.

அன்று மாலை ஊர் சேர்ந்தோம். வெள்ளையன் வீட்டில் சாமைச் சோறு, அவரைக் குழம்பு. பரிமாறியது அவர் மருமகள் நல்லம்மா. அவள் புருஷன் அஸ்ஸாம் பக்கம் யுத்தத்துக்கு ரோடு போடக் கூலிக்குப் போயிருந்தான். ஐந்து மாதமாகத் தகவல் இல்லை. நான் படித்தவன் என்று கேள்விப்பட்டு, அவன் கடைசியாக எழுதுவித்த கடிதத்தை எடுத்துவந்து படிக்கச் சொன்னாள். ஆறு வரி. ஏற்கெனவே பலபேர் படித்துக் காட்டியிருப்பார்கள் போலும். நான் படிப்பதற்கு ஒரு வார்த்தை முன்னாலேயே அவள் உதடு போனது.

"அஸ்ஸாம் எத்தினி தூரமுங்க?"

சொன்னால் பயப்படுவாள் என்று எனக்குத் தெரிந்த மைல் கணக்கைப் பாதியாகக் குறைத்துச் சொன்னேன். அது மட்டும் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை.

வியாழக்கிழமை காலை கல் இருக்கும் இடத்துக்குப் போனோம். வெள்ளையனும் நல்லம்மாவும் கூட வந்தார்கள். அவள் தினமும் அங்கே வந்து விளக்கு வைப்பவள். மசிப்படி எடுக்கலாமா என்று வழியிலேயே கேட்டேன். "கருப்பு மசியவா? சாமி மூஞ்சிலயா?" என்றார் வெள்ளையன். காகிதச் சுருளை மேல்துண்டுக்குள் மறைத்துக்கொண்டேன்.

ஒரு பெரிய புளியமரத்தின் கீழே பலகைக் கற்கள் வரிசையாக நின்றன. மஞ்சள் பூசியிருந்தது. வில் பிடித்த ஆள் ஒருவன், குதிரைமேல் ஒருவன், நாயோடு ஒருவன். ஒன்றில் எழுத்துக்கூட இருந்தது. என் இருநூற்றுப் பதினான்கில் இவ்வளவு அழகான கல் ஒன்றுகூட இல்லை. பத்து வருஷத்துக்கு முன் ஒரு பகல் ஏறியிருந்தால் இவற்றைப் பார்த்திருப்பேன்.

கும்பிட்டேன். கும்பிட்டது நிஜம். ஆனால் கும்பிட்ட கையை இறக்கியதும், வலது கட்டைவிரல் தானாக மற்ற விரல்களின் கணுக்களில் ஏறி இறங்க ஆரம்பித்தது. முப்பத்தொரு வருஷப் பழக்கம் என்று சொல்லி இங்கே தப்பித்துக்கொள்ளலாம். அப்படி அல்ல. கையைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு எண்ணினேன். மறைத்தவனுக்குத் தெரியாமலா செய்தேன்? திங்கட்கிழமை ருக்மணிக்குச் சரியான எண் ஒன்றையாவது கொடுத்துவிடவேண்டும் என்பதுதான் மனதில் இருந்தது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை எண்ணி முடித்தேன்.

"மாமா! அவரு எண்றாருங்க!"

நல்லம்மா என் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். துண்டு அசைந்திருக்கிறது. அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. இன்னொரு கல் கேட்கும் என்றால், அந்த ஊரில் எந்த வீட்டுக் கல் என்று அவள் நினைத்திருப்பாள்? அஸ்ஸாமில் தகவல் இல்லாமல் இருப்பவன் ஒருவன்தான்.

அவள் அழவில்லை. "படிச்சவங்கதானே நீங்க? நேத்து அந்தக் கடுதாசிய உங்க கையிலதானே குடுத்தேன்" என்றாள்.

அறுபத்தொரு வருஷத்தில் நான் அப்படி நின்றதில்லை. எத்தனையோ வாத்தியார்களை, பிள்ளைகள் முன்னால் நிற்கவைத்துக் கேள்வி கேட்டிருக்கிறேன். அவர்கள் எப்படி நின்றார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

வெள்ளையன் போய் ஊர்த் தலைவரான கவுண்டரைக் கூட்டிவந்தார். ஒல்லியான மனிதர், கையில் அரிவாள். வேலையிலிருந்து நேரே வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்.

"வாயால சொன்னீங்களா?"

"இல்லை."

"எழுதினீங்களா?"

"இன்னும் இல்லை."

"அப்பச் சரி. எண்ணுன எண்ணு உங்க மனசுல இருக்குது. அதப் பொய்யாக்கிரணும். ஓடைக்குப் போயி ஒரு கல்லு எடுத்துக்கிட்டு வாங்க. நீங்களே தூக்கிட்டு வரணும், ஆளு கையில குடுக்கப்படாது. அத இங்க வெச்சிட்டா நீங்க எண்ணுனது தப்பாப் போயிரும். கேட்ட கல்லும் வந்துருச்சுன்னு அடங்கிரும்."

பிறகு சற்று யோசித்து, "அந்த எண்ண யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், எழுத மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க. உங்களுக்குக் கொழந்தைங்க எத்தினி?" என்றார்.

"ஒரே மக."

"அது தலமேல பண்ணுங்க."

ருக்மணியின் தலைமேல் சத்தியம் செய்தேன். யாருக்காக எண்ணினேனோ அவள் தலைமேல்.

ஓடை கீழே இருந்தது. என்னால் முடிந்த அளவில் ஒரு கல், உருண்டையாக, எடுத்தேன். தலையில் வைக்கத் தெரியாமல் வயிற்றோடு அணைத்துக்கொண்டு ஏறினேன். முந்நூற்று நாற்பது அடி. அதை எண்ணத் தடை இல்லை என்று நினைக்கிறேன். ஆறு இடத்தில் நின்றேன். செருப்பு வார் அறுந்து வெறுங்காலில் நடந்ததில் முள் ஏறியது. வரிசையின் ஓரத்தில் கல்லை இறக்கியதும் நல்லம்மா அதற்கு மஞ்சள் பூசினாள். பூசிவிட்டு, அதே மஞ்சள் கையோடு என் காலைப் பிடித்து முள்ளை எடுத்து, ஏதோ இலையைக் கசக்கிக் கட்டினாள்.

வெள்ளிக்கிழமை இறங்கினேன். வெள்ளையன் அடிவாரம்வரை வந்தார். ஒரு குடுவை தேன் கொடுத்து, "பாப்பாவுக்குக் குடுங்க. அது தலமேலதானே சத்தியம் வாங்கினோம்" என்றார்.

சனிக்கிழமை மொரப்பூர் ஸ்டேஷனுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்தேன். பிளாட்பாரத்தில் எட்டுத் தூண். எத்தனை முறை எண்ணினாலும் எட்டுத்தான். வண்டி அங்கே மூன்று நிமிஷம் நிற்கும். என்ன சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

பெண்கள் பெட்டி ஜன்னலில் ருக்மணி சிரித்துக்கொண்டே கையை நீட்டினாள். நீட்டிய கையில் தேன் குடுவையை வைத்தேன்.

"மசிப்படி எங்கப்பா?"

"இல்லைம்மா. முப்பத்தேழுன்னு எழுதினது தப்பு. அது கல் இல்லை, பானைக் கணக்கு. வீட்டுக்கு ஒரு பானை." தயார் செய்த வாக்கியமெல்லாம் போய்விட்டது.

"நீங்க பாத்ததுன்னு சொன்னீங்களே?"

"பாக்கலை. பத்து வருஷத்துக்கு முன்னால பாக்கலை. இப்ப போய்ப் பாத்துட்டு வரேன்."

சிரிப்பு போய்விட்டது. ஆனாலும் அவள் என் மகள். உடனே பேனாவை எடுத்தாள். "சரி, போகட்டும். இப்ப எத்தனைன்னு சொல்லுங்க. அதையே சொல்லிக்கறேன்."

"சொல்ல முடியாதும்மா."

"ஏன்?"

"எண்ணக் கூடாத கல். எண்ணிட்டேன். சொல்ல மாட்டேன்னு உன் தலைமேல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

பேனா காகிதத்தின்மேல் நின்றது. பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். ருக்மணி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்பா, இந்தத் தடவையாவது மேல ஏறினீங்களா?"

பொய்யான எண்ணைச் சொன்னபோது நம்பியவள், நிஜமான எண்ணைச் சொல்லாதபோது நம்பவில்லை. அவள்மேல் குற்றம் இல்லை. கட்டுப் போட்ட காலைக் காட்டலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். காலைக் காட்டி மகளிடம் சான்று வாங்க வெட்கமாக இருந்தது.

"ஏறினேன்" என்றேன்.

கார்டு விசில் ஊதினார். "மத்த நூத்தி எழுபத்தேழும்?" என்றாள். வண்டி நகர்ந்துவிட்டது. "பாத்தேன்! அது அத்தனையும் பாத்தேன்!" என்று நொண்டிக்கொண்டே கூவினேன். கேட்டதோ இல்லையோ, தலையை ஆட்டினாள். பிடிவாதம் பிடிக்கிற குழந்தைக்குச் சரி சரி என்று ஆட்டுவார்களே, அப்படி. அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ரயிலின் பெட்டிகளை எண்ணாமல் விட்டேன்.

குழுவின் முன்னால் அவள் எதையும் மறைக்கவில்லை. மலைக் கணக்கு தவறு, தான் பார்க்கவில்லை, மற்ற இடங்களிலும் தானே பார்த்தது நாற்பத்தொன்றுதான் என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார்களாம். உதவித்தொகை இன்னொருவருக்குப் போனது.

ஒரு வருஷம் அவள் சேலத்தில் பாடம் சொல்லிக்கொண்டு, லீவு நாட்களிலெல்லாம் என் நோட்டை வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். நூற்று எழுபத்தேழையும் தேடினாள். நானும் வருகிறேன் என்று இரண்டு முறை சொன்னேன். "உங்களுக்குக் கால் வலிக்கும்ப்பா" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை, அவளுக்கு அந்தப் பழைய கதை தெரியவே தெரியாது. எனக்குத்தான் குத்தியது. நூற்று எழுபத்தைந்து கிடைத்தன. ஒன்று கிணற்றுப் படியாகியிருந்தது, ஒன்று பாலத்துக்குள் போயிருந்தது. என் எண்ணிக்கை சரிதான். ஆனால் அதைச் சரி என்று கண்டுபிடிக்க என் மகள் ஒரு வருஷம் வெயிலில் நடந்தாள். நான் ஒரு சரிக்குறியைக் கூச்சமில்லாமல் போட்டதற்கு அதுதான் விலை.

அடுத்த முறை விண்ணப்பித்ததில் உதவித்தொகை கிடைத்தது. ஆராய்ச்சியின் இரண்டாம் வருஷத்தில் சித்தேரிக்கு ஏறினாள். திரும்பி வந்த அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சாதாரணமாகச் சொன்னாள்.

"ஓரத்துல ஒரு ஓடைக் கல் இருக்குதுப்பா. மத்தது எல்லாம் பலகைக் கல்லு. அது மட்டும் உருண்டை."

"ஆமாம்மா."

"நல்லம்மாதான் அதுக்கு மஞ்சள் பூசறாங்க. உங்க கால் எப்படி இருக்குன்னு கேட்டாங்க."

"அவ புருஷன்?"

"வந்துட்டாருப்பா. தண்ணி குடுத்ததே அவருதான்."

கையைக் கழுவ எழுந்து போய்விட்டேன். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றும் எத்தனை கல் என்று அவள் கேட்கவில்லை. நீ எண்ணினாயா என்று நானும் கேட்கவில்லை.

இந்த வருஷம் அவளுக்குப் பட்டம் கிடைத்தது. ஆராய்ச்சிப் புத்தகத்தின் ஒரு பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது. முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம். கடைசியில் பட்டியல். என் நோட்டில் உள்ள அதே நான்கு கட்டம். சித்தேரி வரியில், கல் எத்தனை என்ற இடத்தில் 'எண்ணவில்லை' என்று போட்டிருக்கிறாள். 'நேரில் பார்த்தது' என்ற இடத்தில் ஒரு சரிக்குறி.

என் நோட்டில் அந்த வரியை நான் அடிக்கவில்லை. முப்பத்தேழும் இருக்கிறது, பக்கத்தில் என் சரிக்குறியும் இருக்கிறது. இரண்டு பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவ்வப்போது பார்த்துக்கொள்கிறேன்.